கிரெகோர் சம்சாவைக் கரப்பான்பூச்சி என்று சொல்லி முடித்துவிடலாமா?

கேள்வி – மார்ச் 2

நவீனத்துவ எழுத்தில் விலங்கு வந்தாலே அது மனிதனைப் பற்றிய குறியீடு என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் பூச்சி என்றால் அந்நியமாதல், குரங்கு என்றால் நாகரிகத்தின் மேல் விமர்சனம், இப்படி ஒரு பட்டியலே இருக்கிறது. அப்படியானால் விலங்கு எதற்கு? நேராக மனிதனை வைத்தே எழுதியிருக்கலாமே? படித்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

மனிதனை வைத்து எழுதியிருக்க முடியாது. குறியீடு என்று சொன்னதும் விலங்கின் உடம்பு காணாமல் போய்விடுகிறது. அந்தக் கதைகளில் நடப்பதெல்லாம் உடம்பில்தான் நடக்கிறது.

காஃப்காவின் 'உருமாற்றம்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நாயகன் கிரெகோர் சம்சா துணி விற்கும் பயண முகவர். காலையில் கண் விழித்ததும் முதுகு ஓடாக இருக்கிறது, கணக்கில்லாத கால்கள் ஆடுகின்றன. அவனுடைய கவலையோ ஐந்து மணி ரயிலைத் தவறவிட்டது பற்றி. மணி ஆறரை, ஏழு மணி ரயிலையாவது பிடிக்க முடியுமா என்று கணக்குப் போடுகிறான். இது வரைக்கும் எல்லாரும் சொல்வார்கள், அலுவலகம் அவனை ஏற்கெனவே பூச்சியாக்கிவிட்டது என்று. சரி. ஆனால் அதற்கு அப்புறம் வரும் பக்கங்களை என்ன செய்வது? பிடித்தமான பால் குமட்டுகிறது, பழைய பாலாடைக்கட்டி இனிக்கிறது. சுவரில் ஏறிக் கூரையிலிருந்து தொங்கப் பழகுகிறான், அங்கே மூச்சு லேசாகிறது, சில நேரம் அந்தச் சுகத்தில் தன்னை மறந்து பொத்தென்று தரையில் விழுகிறான். கூரையில் தொங்குவது ஒருவனுக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்றால் அதை அந்நியமாதல் என்ற ஒரு சொல்லில் எப்படி அடைப்பது? அவனுக்கு ஒரு புது உடம்பு வந்திருக்கிறது, அந்த உடம்புக்கென்று ஆசைகள் இருக்கின்றன. பழைய கிரெகோரும் உள்ளே இருக்கிறான். கதை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நகர்கிறது.

மார்ச் 3

கரப்பான்பூச்சி என்றே பலரும் எழுதுகிறீர்கள். எந்தப் பூச்சி என்று காஃப்கா சொல்லவில்லை. வீட்டு வேலைக்கு வரும் கிழவி 'சாணி வண்டே' என்று கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். 1915இல் புத்தகம் அச்சுக்குப் போனபோது அட்டையில் பூச்சியை வரைந்துவிடுவார்களோ என்று பயந்து பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார்: அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் இருப்பது போலக்கூட வேண்டாம். கடைசியில் அட்டையில் வந்தது முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு, பாதி திறந்த கதவை விட்டு விலகி நடக்கும் ஓர் ஆள்.

நாவலாசிரியர் நபக்கவ் தான் இலக்கியம் நடத்திய வகுப்பில் அதை வண்டாகவே வரைந்து காட்டினார். பட்டாம்பூச்சிகளை ஆராய்ந்தவர், ஓட்டின் வளைவை வைத்துக் கரப்பான் இல்லை, வண்டு என்று முடிவு செய்தார். ஓட்டுக்கு அடியில் இறக்கை இருந்திருக்கும், கிரெகோருக்கு அது கடைசிவரை தெரியவில்லை என்றும் சொன்னார். அந்த இறக்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் காஃப்காவின் பிடிவாதம் அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். கரப்பான் என்று நீங்கள் முடிவு செய்த நிமிடத்தில் கையில் விளக்குமாறு வந்துவிடுகிறது, அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து வாசலில் நிற்கிறீர்கள். உருவம் தெரியாத வரைக்கும் கிரெகோரோடு அறைக்குள் இருந்தாக வேண்டும்.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

அப்பாவோடு இருந்த சண்டைதான் கதைக்கு மூலம், அதற்கு மேல் எதுவும் தேட வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூலத்தில் எனக்குச் சண்டை இல்லை. யிட்ஷாக் லவி என்ற நாடக நடிகரோடு காஃப்கா பழகியபோது அப்பா, பார்த்துக்கூட இராத அந்த மனிதரை அருவருப்பான பூச்சியோடு ஒப்பிட்டார். நாயோடு படுத்தால் உண்ணியோடு எழுந்திருக்க வேண்டும் என்ற மாதிரி ஒரு பழமொழியும் சொன்னார். 1919இல் அப்பாவுக்கு எழுதி, அவர் கையில் கடைசிவரை சேராத அந்த நீண்ட கடிதத்தில் இது வருகிறது. லவியோடு நட்பு தொடங்கியது 1911இல். 'உருமாற்றம்' எழுதியது 1912 கடைசியில். கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

ஆனால் வசவிலிருந்து வசவுதானே வரும், கதை எப்படி வந்தது? காஃப்கா அந்த வசவை மறுக்கவில்லை. சரி, அப்படியே இருக்கட்டும், பூச்சியாகவே விழித்தால் முதுகு எப்படி அரிக்கும், கதவை எப்படித் திறப்பது, தங்கைக்கு அருவருப்பாக இருக்காமல் எப்படிப் போர்வைக்குள் ஒளிந்துகொள்வது என்று உள்ளே போய் உட்கார்ந்து எழுதினார்.

மார்ச் 5

குரங்கைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு நகராது. காஃப்காவின் 'அகாதெமிக்கு ஓர் அறிக்கை', 1917இல் மார்ட்டின் பூபர் நடத்திய 'டெர் யூட' என்ற யூதப் பத்திரிகையில் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் ஹாகன்பெக் நிறுவனத்தின் வேட்டைக்காரர்கள் ஒரு குரங்கைச் சுடுகிறார்கள். இரண்டு குண்டு. கன்னத்தில் பட்டது சிவப்புத் தழும்பாகிறது, அதனால் சிவப்பு பீட்டர் என்று பெயர். இன்னொன்று இடுப்புக்குக் கீழே. கப்பலில் அதை அடைத்திருக்கும் கூண்டில் நிமிர்ந்து நிற்க உயரம் போதாது, உட்கார அகலம் போதாது. தப்பித்து ஓடினால் மறுபடி பிடிப்பார்கள், அல்லது கடலில் மூழ்க வேண்டும். அதனால் மனிதனாகிவிடலாம் என்று முடிவு செய்கிறது. முதலில் கைகுலுக்கப் படிக்கிறது. அப்புறம் துப்புவது, பைப் பிடிப்பது. சாராயம் குடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம், வாசனையே குமட்டுகிறது. ஒரு நாள் பாட்டிலைக் கவிழ்த்து முழுக்கக் குடித்துவிட்டு 'ஹலோ!' என்று மனிதக் குரலில் கத்துகிறது. சுற்றி நின்ற மாலுமிகள் 'பேசுகிறது!' என்று கூவுவது வியர்வை வழியும் தன் உடம்பெல்லாம் முத்தம் பட்டதுபோல இருந்தது என்கிறது.

இதில் மறக்கக் கூடாத ஒன்று, பீட்டர் விடுதலையைக் கேட்கவே இல்லை. மனிதர்கள் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, எந்தத் திசையிலானாலும் சரி. மனிதனாவது அதற்குக் கிடைத்த வழி. மனிதர்களைப் பார்த்து மயங்கி அவர்களைப் போல் ஆகவில்லை என்று அகாதெமியின் முகத்துக்கு நேராகவே சொல்கிறது.

நான் இதை முதலில் படித்தது சென்னையில் ஒரு கால் சென்டரில் இரவுப் பணியில் இருந்தபோது. எனக்கு வேறு ஒரு பெயர் கொடுத்திருந்தார்கள். சேர்ந்த புதிதில் உச்சரிப்புப் பயிற்சி: உதட்டைக் குவி, நாக்கை மடி, சிரித்துக்கொண்டே பேசு, சிரிப்பது குரலில் தெரியும். பயிற்சி கொடுத்த அம்மா நல்லவர், பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். முதல் முறை அந்தப் பக்கத்து ஆள் என்னை அவர் ஊர்க்காரன் என்று நினைத்துப் பேசிவிட்டு வைத்தபோது பின்னால் நின்ற டீம் லீடர் கை தட்டினார், பக்கத்துச் சீட்டில் இருந்தவர்கள் எழுந்து வந்து தோளில் தட்டினார்கள். உடம்பு முழுக்கச் சந்தோஷம். பொய்ச் சந்தோஷம் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன், கைநிறையச் சம்பளம் வந்தது, தங்கையின் படிப்பு முடிந்தது. கேபில் வீட்டுக்குப் போகும்போது பீட்டரின் அந்த வரியைப் படித்தேன், மாலுமிகள் கூவியதை முத்தம் என்று சொல்லும் இடம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதற்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை.

மனிதனை வைத்தே எழுதியிருக்கலாமே என்று கேட்டவருக்கு இதுவும் பதில். மொழியும் நடையும் மாறிய ஒரு கிளார்க்கைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் அது எனக்குத் தெரிந்த கதை, பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். குரங்கு சொல்லும்போதுதான் கைகுலுக்குவதே கற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று என்று கையில் உறைத்தது.

மார்ச் 6

பீட்டர் உண்மையில் யார் என்ற சண்டை கீழே நீண்டுகொண்டே போகிறது. ஐரோப்பியச் சமூகத்தில் கரைந்துபோகப் பார்த்த யூதர் என்று முதலில் படித்தவர் காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிராட், கதை வெளிவந்ததும் யூதப் பத்திரிகைதான். காலனிகளிலிருந்து பிடித்துக்கொண்டு போன மனிதர்கள் என்று படிப்பவர்கள் பின்னால் வந்தார்கள். அவர்கள் பக்கமும் சாட்சி இருக்கிறது. ஹாகன்பெக் கற்பனைப் பெயர் இல்லை, ஹாம்பர்க் விலங்கு வியாபாரி, 1907இல் ஷ்டெலிங்கனில் விலங்குப் பூங்கா திறந்தவர். அதே ஆள் 1870களிலிருந்தே மனிதர்களையும் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தார். 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் டிக்கெட் போட்டுக் காட்டினார். ஜனங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

அதே வருஷங்களில் டெனெரீஃபே தீவில் வொல்ஃப்காங் கோலர் சிம்பன்சிகளுக்குச் சோதனை வைத்துக்கொண்டிருந்தார், பிரஷ்ய அறிவியல் அகாதெமியின் ஆய்வு நிலையத்தில். எட்டாத வாழைப்பழம், இரண்டு மூங்கில் குச்சி. சுல்தான் என்ற சிம்பன்சி ஒன்றை இன்னொன்றில் சொருகி நீளமாக்கியது. அவருடைய புத்தகமும் 1917. அங்கே ஓர் அகாதெமி குரங்குக்குப் பரீட்சை வைக்கிறது, இங்கே ஒரு குரங்கு அகாதெமிக்கு அறிக்கை வாசிக்கிறது. காஃப்கா அதைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காற்றில் அது இருந்தது.

யூதரா, காலனி மனிதரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் எனக்குப் படவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் குரங்கு மறுபடி வெறும் உடுப்பாகிவிடும், இடுப்புக்குக் கீழே பட்ட குண்டு யாருக்கும் வலிக்காது. பீட்டர் விருந்தாளிகள் முன் கால்சட்டையை இறக்கி அந்தத் தழும்பைக் காட்டுகிறது, அதைப் பார்த்து ஒரு பத்திரிகைக்காரன் குரங்குப் புத்தி இன்னும் போகவில்லை என்று எழுதுகிறான். எனக்குச் சுட்ட காயம், காட்டினால் என்ன என்று பீட்டருக்குக் கோபம் வருகிறது. உடம்பு அங்கேதான் பேசுகிறது.

மார்ச் 8

இரண்டு நாளாக மனசில் ஓடுவது அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்'. பீட்டரை அப்படியே திருப்பிப் போட்ட கதை.

சினிமா ஸ்டூடியோ அலுவலகம். வேலை கேட்டு ஒருவர் வருகிறார், டகர் பாயிட் காதர் ('டைகர் ஃபைட்' என்பதை அவர் அப்படித்தான் சொல்கிறார்). அந்த அலுவலகத்தில் அவர் யாருமே இல்லை. ஒடுங்கி நிற்கிறார், கேட்ட கேள்விக்கெல்லாம் பவ்யமாகப் பதில் சொல்கிறார், இப்போது வேலை எதுவும் இல்லை என்று அனுப்பப் பார்க்கிறார்கள். பையிலிருந்து புலித் தலையை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அடுத்த கணம் அந்த அறையில் புலி இருக்கிறது. பாய்கிறது, உறுமுகிறது, மேஜை நாற்காலியெல்லாம் அதற்குக் காடாகிவிடுகிறது, உட்கார்ந்திருந்தவர்கள் வெலவெலத்துப் போகிறார்கள். முகமூடியைக் கழற்றினால் மறுபடி அதே ஒடுங்கிய மனிதர், பசியோடு அங்கே உட்கார்ந்திருக்கும் சர்மா என்பவரின் காலில் விழுகிறார்.

பீட்டருக்கு மனித வேஷம் போட்டால்தான் பிழைப்பு. காதருக்குப் புலி வேஷம் போட்டால்தான் மற்றவர்கள் நிமிர்ந்தே பார்க்கிறார்கள். இருவருக்கும் எதிரில் மேஜைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இவர்கள் யார் என்று முடிவு செய்யும் வேலை அந்த ஆட்களுடையது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பீட்டர் கூண்டிலிருந்து வெளியே வர மனிதனானது. காதர் புலியாக இருக்கும் அந்தச் சில நிமிடம் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கெஞ்சுவதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

எங்கள் ஊரில் மொகரம் சமயத்தில் புலி வேஷம் கட்டி வருவார்கள். உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும் பூசி, தப்புச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டு கடை கடையாக வருவார்கள், குழந்தைகளை நேர்ச்சைக்குக் கையில் கொடுப்பதும் உண்டு. அதில் ஒருவர் மற்ற நாளில் எங்கள் தெருவில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவர். அவரை 'ஏய்' என்று கூப்பிடுகிற கடைக்காரர்களே அன்றைக்கு அவர் பாய்ந்து வந்தால் படியிலிருந்து பின்வாங்குவார்கள். விளையாட்டுக்குப் பின்வாங்கியதில்லை, எனக்கு அது சின்ன வயதிலேயே தெரியும். காதரைப் படித்தபோது எனக்கு அவருடைய முதுகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மார்ச் 8, இரவு

அசோகமித்திரன் காஃப்காவைப் பார்த்து எழுதினாரா என்று கேட்டவருக்கு: அப்படி ஒரு வழியைத் தேட வேண்டியதே இல்லை. அவர் செகந்திராபாத்தில் வளர்ந்தவர், 1952இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர். வாய்ப்புக் கேட்டு வரும் மனிதர்களைத் தினமும் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறார். கதையில் ஒரு குரல்கூட உயராமல் இருப்பது அந்த இருபது அடி அறையை அவர் நன்றாக அறிந்திருந்ததால்தான். பின்னால் காதருக்குப் பொருத்தமான காட்சி ஒன்று அமைந்து கடிதம் போடுகிறார்கள், அது ஆளில்லை என்று திரும்பி வந்துவிடுகிறது. இதற்கு மேல் யார் எழுதியிருந்தாலும் ஒரு வரி புலம்பியிருப்பார்கள்.

மார்ச் 11

முகவரி, காகிதம் என்று போனதால் ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவின் 'நாயின் இதயம்'. 1925இல் எழுதியது, அடுத்த வருஷம் வீட்டைச் சோதனை போட்டு ரகசியப் போலீஸ் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போனது, சோவியத் நாட்டில் அச்சில் வந்தது 1987இல். பேராசிரியர் பிரியோபிரஷென்ஸ்கி ஷாரிக் என்ற தெருநாய்க்கு இறந்துபோன ஒரு குடிகாரனின் பிட்யூட்டரி சுரப்பியை வைத்துத் தைக்கிறார். நாய் முடி கொட்டி, எழுந்து நடந்து, கெட்ட வார்த்தை பேசி மனிதனாகிறது. வந்ததும் கேட்பது அடையாளப் பத்திரம். குடியிருப்புக் கமிட்டித் தலைவன் அதற்கு முழு ஆதரவு, பத்திரம் இல்லாமல் ஒருவன் இருக்கவே கூடாது என்பது அவன் கட்சி. நாய் காலண்டரைப் பார்த்து ஒரு பெயர் வைத்துக்கொள்கிறது, மாஸ்கோவில் தெருப் பூனைகளைப் பிடித்து ஒழிக்கும் துறையில் அதிகாரியாகவும் சேர்ந்துவிடுகிறது.

சிரித்துச் சிரித்துப் படிக்கலாம். கடைசியில் பேராசிரியர் அதை மறுபடி நாயாக்கிவிடுகிறார். விசாரிக்க வந்தவர்கள் 'ஆனால் பேசினானே' என்கிறார்கள். பேசிவிட்டால் மனிதன் என்று ஆகிவிடாது என்கிறார் அவர். பீட்டரின் 'ஹலோ'வுக்கு இது நேர் எதிர்ப் பதில். கப்பலில் ஒரு சொல் பேசியதும் உள்ளே விட்டார்கள், மாஸ்கோவில் பேச்சு, பெயர், பத்திரம், உத்தியோகம் எல்லாம் இருந்தும் வெளியே தள்ளினார்கள். தள்ளிய கை படித்த கை, சுத்தமான கை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. புல்ககோவின் மனசு பேராசிரியர் பக்கம் என்றுதான் நினைக்கிறேன். என் மனசு முதல் அத்தியாயத்தில், கொதிநீர் ஊற்றி வெந்த விலாவோடு பனியில் குளிரும் நாயின் பக்கம்.

மார்ச் 12

மார்ச் 2இல் கூரையில் தொங்கும் சுகத்தைப் பற்றி எழுதினேன். அதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கிரெகோரை முதலில் விலங்கு என்று சொல்வது யார்? அம்மா இல்லை, அப்பா இல்லை. அலுவலகத்திலிருந்து வந்த தலைமை எழுத்தர். கதவுக்கு வெளியே நின்றபடி, அது விலங்கின் குரல் என்கிறார். அதே நேரம் அம்மா டாக்டருக்கு ஆள் விடுகிறாள், அப்பா பூட்டுக்காரனைக் கூட்டிவரச் சொல்கிறார். உள்ளே கிரெகோருக்கு ஒரே நிம்மதி, மறுபடியும் மனிதர்களின் வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள் என்று. அவன் உடம்பு மாறி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் தனக்காக ஒரு டாக்டர் வருகிறார் என்பது போதுமாக இருக்கிறது அவனுக்கு.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வட்டம் அவனை விட்டு நகர்கிறது. எதிரிகள் யாரும் நகர்த்தவில்லை, களைத்துப்போன குடும்பம் நகர்த்துகிறது. இதை எனக்குக் காட்டியது விமர்சன நூல் எதுவும் இல்லை, எங்கள் பாட்டியின் அறை. பாட்டி படுக்கையில் விழுந்த புதிதில் அந்த அறையில்தான் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். டிவியைக்கூட அங்கே மாற்றினோம். மாதங்கள் போகப் போக வாசனைக்காகக் கதவைச் சாத்தத் தொடங்கினோம். இடம் இல்லை என்று பழைய மிக்ஸி அட்டைப்பெட்டி உள்ளே போனது, அதன் மேல் சுருட்டிய பாய்கள், அப்புறம் கேஸ் சிலிண்டர். யாரும் கெட்டவர்கள் இல்லை. அம்மா ராத்திரி தூங்கவே இல்லை, அதுவும் உண்மை. கிரெகோர் வீட்டிலும் இப்படித்தான், வேண்டாத சாமான்கள், சாம்பல் தொட்டி, குப்பைத் தொட்டி எல்லாம் அவன் அறைக்குள் வந்துவிடுகின்றன, ஒரு அறையை வாடகைக்கு விட்டிருப்பதால் வேறு இடம் இல்லை.

கடைசித் தீர்ப்பு தங்கை சொல்வது. வாசித்ததிலேயே எனக்கு மிகவும் கனமான பேச்சு அது. இந்தப் பிராணியின் முன்னால் அண்ணன் பெயரைச் சொல்லப் போவதில்லை என்கிறாள். இது கிரெகோராக இருந்திருந்தால் நம்மைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று தானாகவே எப்போதோ போயிருப்பானே என்கிறாள். அதாவது அவன் மனிதன் என்று நிரூபிக்க ஒரே வழிதான் மிச்சம், இல்லாமல் போவது. கிரெகோர் அதை ஒப்புக்கொண்டு விடிவதற்குள் செத்துப்போகிறான். இதே தங்கையின் வயலினைக் கேட்டுத்தான் கொஞ்ச நேரத்துக்கு முன் அறையை விட்டு ஊர்ந்து வந்தான், இசை தன்னை இவ்வளவு உருக்குகிறதே, தான் விலங்கா என்று தன்னையே கேட்டுக்கொண்டு.

பாட்டிக்குப் பேச்சு போனதற்கு அப்புறமும் ரேடியோவில் பழைய பாட்டு வந்தால் விரல் அசையும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே பெட்டிகளை வைத்துக்கொண்டுதான் இருந்தோம்.

மார்ச் 14

எல்லாமே துக்கமாகவே போகிறது, அடையாளம் பறிபோவது நல்லதாக எங்குமே இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய 'ஃப்ளஷ்', 1933. கவிஞர் எலிசபெத் பாரெட்டின் ஸ்பானியல் நாயின் வாழ்க்கை வரலாறு. 'அலைகள்' நாவலை முடித்த களைப்பில் இளைப்பாற எழுதியது என்பதால் பலரும் பொருட்படுத்துவதில்லை.

லண்டனில் ஃப்ளஷ் உயர்ந்த சாதி நாய். காது எப்படி இருக்க வேண்டும், தலை எப்படி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அது எல்லாவற்றிலும் தேறுகிறது. தெருவில் சங்கிலியோடு போகும் நாய்கள், சங்கிலியில்லாத நாய்கள் என்று தரம் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. எசமானியோடு இத்தாலிக்குப் போனால் அங்கே தெருவெல்லாம் கலப்பு நாய்கள், தரம் பார்க்க யாரும் இல்லை. ஃப்ளோரன்சில் தெள்ளுப்பூச்சி தாங்காமல் எசமானியின் கணவர் பிரௌனிங் கத்தரிக்கோலை எடுத்து அதன் மயிரை முழுக்க வெட்டிவிடுகிறார். குலப்பெருமையெல்லாம் தரையில் கிடக்கிறது. முதலில் கூசிப்போகிறது, அப்புறம் தெள்ளுப்பூச்சியும் இல்லை, பெருமையும் இல்லை, ஒன்றுமாக இல்லாமல் இருப்பதே சுகம் என்று துள்ளுகிறது. சாதிச் சான்றிதழும் வம்சப் பெருமையும் நாலு தலைமுறைக்கு நீளும் ஊரில் இருந்து படிக்கும்போது அந்தப் பக்கம் வேறு வேகத்தில் வந்து சேர்கிறது.

ரில்கேயின் 'சிறுத்தை' கவிதையை ஒருவர் நினைவுபடுத்தியதற்கு நன்றி. பாரிஸ் தாவரவியல் பூங்காவின் கூண்டு. கம்பிகளைத் தாண்டி உலகமே இல்லை என்றாகிவிட்ட கண். அதில் வேறு எவரும் கிடையாது, கவிஞர்கூடத் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் ஒதுங்கி நிற்கிறார். குறியீடு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மார்ச் 15

கொஞ்சம் விலகிப்போகிறேன். காஃப்கா காய்கறி மட்டும் சாப்பிடத் தொடங்கிய பின் ஒரு முறை பெர்லின் மீன் காட்சிசாலையில் கண்ணாடிக்குள் இருந்த மீன்களிடம், இனி உங்களை நிம்மதியாகப் பார்க்கலாம், உங்களைச் சாப்பிடுவதில்லையே என்று சொன்னாராம். பிராட் பதிவு செய்திருக்கிறார். அதே மனிதர் 1917இல் நோய்வாய்ப்பட்டு ட்சூராவ் கிராமத்தில் தங்கியபோது ராத்திரியில் எலிகளுக்கு நடுங்கிப்போய் நண்பர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார், பூனை ஒன்றை அறையில் வைத்துக்கொண்டார். அன்பு இருந்தது, பயமும் இருந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

தன் இருமலை 'விலங்கு' என்று சொன்னார். விமர்சகர் வால்டர் பெஞ்சமின் 1934இல் எழுதிய கட்டுரையில் இதைப் பிடித்துக்கொள்கிறார், விலங்குகளுக்குள் நமக்கு மறந்துபோனவை தங்கியிருக்கின்றன, நமக்கு மிக மறந்துபோன அந்நியப் பொருள் நம் உடம்புதான் என்று போகிறது அவர் வாதம். 1924 வசந்தத்தில், குரல்வளைக்கு நோய் பரவிப் பேச்சு போய்க்கொண்டிருந்த நாட்களில் எழுதிய கடைசிக் கதை எலிக்கூட்டத்தின் பாடகி யோசஃபீன் பற்றியது. அவள் பாடுவது பாட்டா, எல்லா எலியும் போடும் கீச்சுச் சத்தமா என்று தெரியாது, ஆனாலும் கூட்டம் நின்று கேட்கிறது. விலங்குகளின் கீச்சொலியை ஆராயச் சரியான நேரத்தில்தான் ஆரம்பித்தேன் போலிருக்கிறது என்று நண்பர் க்ளோப்ஷ்டொக்கிடம் சொன்னார். ஜூன் 3 அன்று இறந்தார். கடைசி வாரங்களில் சீட்டு எழுதித்தான் பேசினார்.

அது குறியீடா என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். அவருடைய தொண்டையில் இருந்தது அது.

மார்ச் 17

சிவப்பு பீட்டரின் மனைவி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மனைவி இல்லை. பாதி பழக்கிய ஒரு சின்னப் பெண் சிம்பன்சி, விருந்துகளும் கூட்டங்களும் முடிந்து பீட்டர் இரவில் வீடு திரும்பும்போது அங்கே இருக்கிறாள். குரங்குகளின் வழியில் அவளோடு சுகம் அனுபவிக்கிறேன் என்கிறது பீட்டர். பகலில் அவளைப் பார்க்கவே மாட்டேன், பழக்கப்படுத்திக் குழம்பிப்போன விலங்கின் பித்து அவள் கண்ணில் இருக்கிறது, அதை நான் மட்டும்தான் அடையாளம் காண்கிறேன், தாங்க முடியவில்லை என்கிறது. அதோடு அவள் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது.

அறிக்கை எழுத அவளுக்கு மொழி கொடுக்கவில்லை, அகாதெமி அவளைக் கூப்பிடவும் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யார் மனிதர் என்று முடிவு செய்கிறார்கள் என்று மார்ச் 8இல் எழுதினேன். இந்த இடத்தில் பீட்டரே மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. நானும் கால் சென்டரில் பதவி உயர்வு வந்ததும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் உச்சரிப்புக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் மூச்சை இழுத்துக்கொள்வான். அவனை நிமிர்ந்து பார்க்காமல் தாளில் எண்ணைப் போட்டுக் கொடுப்பேன். இது பற்றி இன்னும் எழுத வேண்டும், பெண் விலங்குகளை இந்த எழுத்தாளர்கள் எப்படி விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தனியாகவே பேசலாம். யாராவது தொடங்கினால் வருகிறேன்.

எதை முதலில் படிப்பது என்று கேட்டவருக்கு: 'அகாதெமிக்கு ஓர் அறிக்கை'யையும் 'புலிக்கலைஞ'னையும் ஒரே நாளில் படியுங்கள், இரண்டும் சின்னவை. 'உருமாற்ற'த்தை அப்புறம், ஒரே மூச்சில். காஃப்காவின் 'வளை' என்ற கதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் என்ன விலங்கு என்றுகூடச் சொல்லாமல் மண்ணுக்குள்ளேயே நடத்திக்கொண்டு போவார். ஷாரிக்கின் முதல் அத்தியாயத்தை மட்டும் யாராவது வாய்விட்டு வாசிக்கக் கேளுங்கள், கண்ணால் படிப்பதைவிட அதுதான் சரியாக இருக்கும்.